தீனி வைக்கும் கையே பெருக்கவும் வேண்டும்

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். கையில் எலி பிடிக்கும் பசை அட்டை. அதில் ஒரு தவிட்டுக்குருவி, இறக்கை விரிந்தபடி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் கூட்டம் மதில்மேல் தத்தித் தத்தி, கத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தது. “டீச்சர், எலிக்குன்னு வெச்சதுங்க. இது வந்து மாட்டிக்குச்சு. என்ன பண்றதுன்னே தெரியலீங்க” என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, இறகு இறகாக ஊறவைத்துப் பிரித்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. அட்டைப்பெட்டிக்குள் பழைய துணியை விரித்து, குருவியை உள்ளே விட்டு நிழலில் வைத்தோம். பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தேன். இறந்திருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை அவருடைய கார் வயரை எலி கடித்துப் போட்டிருந்தது. மெக்கானிக்குக்குக் கொடுத்த பணம் கொஞ்சமில்லை. அந்த எலிகள் எங்கிருந்து வருகின்றன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரியாதைக்காக அவர் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம், கொய்யா மரத்தில் நான் தொங்கவிட்டிருந்த ஃபீடருக்கு நேர் கீழே, மதிலோரமாக மூன்று வளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் புதிதாகத் தள்ளிய மண் குவியல். பெருச்சாளியின் வேலை. குருவிக்கு என்று நான் போட்ட தினையைத் தின்று வளர்ந்த பெருச்சாளி அது.

கோவை வடவள்ளியில் குடியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக் கொல்லையில் நானே ஒரு சங்கிலியைத் தொடங்கி வைத்திருப்பது அந்தக் குருவி சாகும்வரை என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பறவைக்குத் தீனி வைக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் தட்டிலிருந்து கீழே விழுகிற ஒவ்வொரு மணிக்கும் வைத்தவரே பொறுப்பு. கீழே பெருக்க முடியாதவர் மேலே போடக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கீழே எவ்வளவுதான் விழுகிறது என்று பார்க்க, அதற்கு அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். ஃபீடருக்குக் கீழே நாலு நாளிதழ்த் தாள்களை விரித்துக் கல் வைத்தேன். காலையில் இரண்டு டம்ளர் தானியம் நிரப்பினேன். கடையில் பாக்கெட்டாக விற்கும் கலவைதான்: தினை, கம்பு, உடைத்த சோளம், கோதுமை, கொஞ்சம் சூரியகாந்தி விதை. பகல் பதினொன்றுக்குள் ஃபீடர் காலி. தாளை மடித்துக் கொட்டிப் பார்த்தால் அரை டம்ளருக்கு மேல் முழுத் தானியம்! அதில் பெரும்பாலும் கோதுமையும் சோளமும். உமி தனியாக ஒரு கை நிறைய. அதன் மேலெல்லாம் எச்சம்.

ஒவ்வொரு பறவைக்கும் சிந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தினைக்குருவி தினையை அப்படியே விழுங்காது. அலகில் உருட்டி உமியைக் கழற்றிக் கீழே விட்டு, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் தின்னும். சிட்டுக்குருவிக்குத் தேவை சின்ன மணி. கோதுமை குறுக்கே வந்தால் அலகால் பக்கவாட்டில் வீசிவிட்டு அடுத்ததைத் தேடும். கிளி ஒரு விதையைக் கடித்துப் பாதியைத் தின்று மீதியைப் போட்டுவிடும். அதைப் போல வீணடிக்கும் பறவை வேறில்லை. அணில் தலைகீழாகத் தொங்கி ஃபீடரையே உலுக்கும். புள்ளிப்புறா மட்டும் தரையில் நடந்து பொறுக்கித் தின்கிற பறவை என்பதால் கொஞ்சம் துப்புரவு செய்யும். ஆனால் அது தின்னும் இடத்திலேயே எச்சமும் போடும். ஆகக் கலவைப் பாக்கெட் வாங்கும்போதே அதில் கால்வாசிக்கு மேல் குப்பைக்கு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். பாக்கெட்டின் மேல் அழகான கிளி படம் இருக்கிறது. கீழே விழுந்ததை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. நான் வாங்கிய மூன்று பாக்கெட்டுகளிலும் இல்லை.

விழுந்தது விழுந்தபடி கிடப்பதில்லை. ஒரு மழை பெய்தால் தினையும் கம்பும் முளைத்துவிடும். அது பரவாயில்லை, பிடுங்கிப் போடலாம். முளைக்காதது பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தில் கிடக்கும் சோளத்திலும் நிலக்கடலையிலும் வளர்கிற ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டால் அந்தப் பெயரைச் சொன்ன உடனே முகம் மாறும். கோழியின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. குருவியின் ஈரலையும் விட்டுவைக்காது.

இராத்திரியில் எலி வருகிறது. வேறெங்கும் தேடிப் போகாமல் தினமும் ஒரே இடத்தில் தானியம் கிடைத்தால் அது அங்கேயே வளை போடும். எலியின் சினைக்காலம் மூன்று வாரத்தை ஒட்டித்தான். தீனி குறையாமல் கிடைத்தால் குட்டிகள் எத்தனை வேகமாகப் பெருகும் என்று யோசித்துக்கொள்ளலாம். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால், அதன் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். எங்கள் கொல்லையில் செருப்பில்லாமல் நடந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற தங்கச்சி.

எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. எனக்குப் பயமில்லை. சாரைக்கு விஷம் கிடையாது. ஆனால் எலி இருக்கும் இடத்துக்கு நல்லபாம்பும் வரும் என்பது தோட்டம் துரவு வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம். பிறகு மயில். மருதமலை அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு மயில் புதிதல்ல. சிந்திய சோளத்துக்காக ஒரு ஆண் மயிலும் நாலு பெட்டைகளும் தினம் வரத் தொடங்கின. என் தானியத்தைத் தின்றுவிட்டு, அடுத்த தெருவில் ஒருவர் போட்டிருந்த கீரைப் பாத்தியையும் தக்காளி நாற்றையும் கிளறிப் போட்டன. மயிலை யாரும் தொட முடியாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. இழப்பு அவருக்கு, பார்க்கிற ஆனந்தம் எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?

எலி பெருகினால் மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருவர் பசை அட்டை வைப்பார். இன்னொருவர் விஷக் கட்டி வைப்பார். விஷம் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். அதைக் கூகை பிடிக்கும், கீரி பிடிக்கும், பூனை பிடிக்கும். எலியின் உடம்பில் இருக்கும் விஷம் அவற்றுக்கும் ஏறும். எலியைக் கட்டுக்குள் வைத்திருக்கிற உயிர்களே இப்படிப் போய்விட்டால் அடுத்த ஆண்டு எலி இன்னும் அதிகமாகும். பறவைமேல் வைத்த அன்பு சுற்றிவளைத்து ஆந்தையைக் கொல்லுகிற கதை இதுதான்.

தட்டுக்குக் கீழே இருக்கும் அழுக்கு பறவைகளையே நேராகக் கொல்லும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். உலகத்தில் வீட்டுத் தோட்டப் பறவைகளுக்கு மிக அதிகமாகத் தீனி வைக்கிற நாடுகளில் ஒன்று அது. அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பறவை. நம் சிட்டுக்குருவியைவிடச் சற்றுத் தடித்தது, பச்சை நிறம், விதை தின்பது, எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம் என்ற அளவுக்குச் சாதாரணமாக இருந்தது. புறாக்களின் தொண்டையில் காலங்காலமாக இருந்துவந்த ஓர் ஒட்டுண்ணி, 2005 வாக்கில் இந்தப் பறவைகளுக்குத் தாவியது. டிரைக்கோமொனாஸ் என்று அதற்குப் பெயர். தொண்டையில் புண் வந்து, பறவையால் விழுங்க முடியாது. எடுத்த தானியத்தை எச்சிலோடு மறுபடியும் தட்டிலேயே விட்டுவிடும். அடுத்த பறவை அதைக் கொத்தும். தண்ணீர்த் தட்டிலும் இதே கதை. 2021இல் பிரிட்டனின் பறவைகளைப் பற்றிய சிவப்புப் பட்டியலில் கிரீன்ஃபிஞ்ச் சேர்க்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சாதாரணப் பறவை ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விட்டது.

1889இல் தொடங்கிய ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் அங்கே உண்டு. தீனியும் ஃபீடரும் விற்று வருகிற பணத்தையும் பறவைப் பணிகளுக்குச் செலவிடுகிற சங்கம். 2025 தொடக்கத்தில் அவர்கள் தட்டையான தீனித் தட்டுகளை விற்பதை நிறுத்தி வைத்தார்கள். தட்டையான பரப்பில் எச்சிலும் எச்சமும் தானியமும் ஒன்றாகக் கலக்கின்றன என்பதே காரணம். தங்களுக்கு வருமானம் தரும் பொருளையே நிறுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் 2021இல் ஃபீடர்களைச் சுற்றிச் சால்மொனெல்லா கிருமியால் சின்னஞ்சிறு பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, கொஞ்ச காலத்துக்கு ஃபீடரையே இறக்கி வையுங்கள் என்று வனவிலங்கு அதிகாரிகள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

இதையெல்லாம் குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. அங்கே அந்த ஒட்டுண்ணியைச் சுமந்தது புறா. நம் மொட்டைமாடிகளில் புறாவுக்கா பஞ்சம்? புறாவும் சிட்டுக்குருவியும் ஒரே மண்தட்டில் தின்று, ஒரே சட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. இறகை உப்பிக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல், தட்டுப் பக்கத்திலேயே சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் அது நம்மோடு பழகிவிட்டது என்று பூரித்துப் போகாதீர்கள். அது நோயாளி. அன்றே தட்டை எடுத்துவிட வேண்டும்.

என் அம்மா ஒரு நாளும் இப்படி யோசித்திருக்க மாட்டார். அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் எங்கள் பழைய வீடு. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகப் பின்னி தாழ்வாரத்து விட்டத்தில் கட்டிவிடுவார்கள். குருவி வந்து தொங்கித் தொங்கித் தின்னும். காலையில் சோறு வடித்ததும் காக்காய்க்கு ஒரு பிடி. வாசலில் அரிசி மாவுக் கோலம், அது எறும்புக்கு. இதைச் சொல்லித்தான் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள்: நம் முன்னோர் செய்யாததா? செய்தார்கள். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு பிடி, ஒரு கொத்து. வீட்டில் நெல்லே எண்ணி எண்ணிச் செலவழிந்த காலம். கதிரிலிருந்து சிந்திய நெல்லைக் கோழி பொறுக்கியது, கோழி விட்டதை எறும்பு இழுத்தது. அதற்கும் மேலே, அம்மா விடியற்காலையில் வாசலையும் பொழுது சாயும் நேரத்தில் முற்றத்தையும் பெருக்கிச் சாணம் தெளிப்பார். இரவு வரும்போது தரையில் ஒரு மணி கிடக்காது. தீனி வைப்பதும் பெருக்குவதும் அந்த வீட்டில் இரண்டு வேலையாக இருக்கவில்லை. ஒரே கை இரண்டையும் செய்தது.

நாம் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். துடைப்பத்தை யாரிடமோ கொடுத்துவிட்டோம். எனக்கு இதில்தான் மிகவும் வலிக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வருகிற தங்கச்சியிடம் ஒரு நாள் கேட்டேன், ஃபீடர் மாட்டியதிலிருந்து உனக்கு வேலை கூடிப்போச்சா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “கூடுச்சுங்க்கா. எச்சம் காஞ்சு போச்சுன்னா தேச்சாத்தான் போகும். தூசி மூக்குல ஏறுதுங்க. நீங்க ஆசையா வெக்கிறீங்க, எப்பிடிச் சொல்றது?” என்றாள். நான் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டு தினைக்குருவிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒன்றரை வருடமும் அவள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கவில்லை நான். மூக்கைக் கட்ட ஒரு துணி கொடுக்கவில்லை.

காய்ந்த எச்சத்தை உலர்ந்தபடி பெருக்குவது ஆபத்தான வேலை. புறா எச்சமும் இறகுத் தூசும் நாள்கணக்காக மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். நீண்ட நாள் கவனிக்காவிட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும், பிறகு அது திரும்பாது. கிளி, புறா எச்சத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு வகைக் காய்ச்சலும் உண்டு. அதனால் முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும், முகத்தில் துணி கட்ட வேண்டும், பிறகுதான் துடைப்பம். இதை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் என் மகள் இருக்கும் குடியிருப்பில் ஏழாவது மாடியில் ஒருவர் தினமும் பால்கனியிலிருந்து புறாவுக்குக் கோதுமை வீசுவார். புறாக்கள் தின்றுவிட்டு ஆறாவது, ஐந்தாவது மாடி ஏசி பெட்டிகளின் மேல் உட்கார்ந்து எச்சமிடும், கூடு கட்டும். காயப்போட்ட துணியெல்லாம் கறை. கீழ்வீடுகள் வலை அடித்துக்கொண்டன. வலை அடித்த செலவு அவர்களுடையது. சன்ஷேடில் ஏறி உளியால் எச்சத்தைச் செதுக்குகிறவர் மாதச் சம்பளத்துக்கு வரும் துப்புரவுப் பணியாளர். கோதுமை வீசியவருக்குக் கிடைப்பது புண்ணியம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் ஜீவகாருண்யம் இல்லாதவர்கள் என்று பெயர் வருகிறது.

மும்பையில் 2025இல் நடந்தது நினைவிருக்கும். தாதரில் இருக்கும் பழைய கபூதர்கானா உட்பட, புறாக்களுக்குத் தானியம் போடும் இடங்களை மாநகராட்சி மூடியது. தார்ப்பாய் போட்டு மறைத்தார்கள், மக்கள் வந்து அதைக் கிழித்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. பொதுமக்களின் உடல்நலமே முதன்மை என்று நீதிமன்றம் சொன்னது. தலைமுறை தலைமுறையாக அறம் என்று நம்பிச் செய்ததை ஒரே நாளில் விடச் சொன்னால் மனம் நோகத்தான் செய்யும். அந்த நோவு எனக்குப் புரிகிறது. ஆனால் நகரப் புறாவுக்கு நம் தானியம் இல்லாவிட்டால் உயிர் போய்விடாது. கூட்டம் குறையும், அவ்வளவே. சிங்கப்பூரில் காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவதே சட்டப்படி குற்றம், புறாவும் அதில் சேர்த்தி. வெனிஸ் நகரத்தின் புகழ்பெற்ற சதுக்கத்தில் புறாத் தீனி விற்பது 2008இல் நிறுத்தப்பட்டது. நம் ஊர்களில் குளக்கரையிலும் சாலைச் சந்திப்பிலும் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம். அப்படிக் கொட்டுவதை நிறுத்தியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜன்னலில் ஒரு கைப்பிடி தினை வைப்பதும் இதுவும் ஒன்றல்ல.

என் ஃபீடரை நான் ஐந்து வாரம் இறக்கி வைத்தேன். முதல் மூன்று நாள் சிட்டுக்குருவிகள் வெறும் கிளையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. பார்க்கவே மனம் கேட்கவில்லை. நாலாம் நாள் அவை எதிர்க் காலிமனையில் புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டாது. புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். அந்தக் காலிமனை அவற்றுக்கு என் ஃபீடரைவிட முக்கியம். இதை அறிந்துதான் வாடகைக்கு இருந்த பையன் செம்பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க வந்தபோது வேண்டாம் என்று தடுத்தேன்.

அந்த ஐந்து வாரத்தில் வளைகளை உடைந்த ஓட்டாஞ்சல்லி போட்டு இறுக்கி மூடினோம். இரண்டு முறை திறந்தன, மறுபடி மூடினோம். பக்கத்து வீட்டாரும் பசை அட்டையை எடுத்துவிட்டார். பிறகுதான் மறுபடியும் தொடங்கினேன், வேறு முறையில்.

தொங்கும் ஃபீடரை மண்தரைக்கு மேலே இருந்து எடுத்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கடப்பைக்கல் பாவிய இடத்துக்கு மேலே மாட்டினேன். மண்ணில் விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. கல்லில் ஒரு மணி கிடந்தாலும் தெரியும். கலவைப் பாக்கெட்டை விட்டுவிட்டேன். நாட்டுமருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற தானியக் கடையில் தினையும் கம்பும் தனித்தனியாக வாங்குகிறேன், கம்பை ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்கிறேன். காலையில் கால் டம்ளர், பிற்பகல் நாலு மணிக்குக் கால் டம்ளர். ஒரு மணி நேரத்தில் தீராவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்கிறேன். ஐந்தரை மணிக்கு, விளக்கு வைக்கும் முன்பு, ஃபீடரைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன். இது ஒன்றுதான் எலியை விரட்டியது என்று சொல்வேன். இரவில் தின்ன ஒன்றும் இல்லையென்றால் அது அங்கே இருக்க என்ன காரணம்?

கழற்றிய கையோடு கல்லில் தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே பெருக்குகிறேன். நானேதான். உமியும் எச்சமும் கலந்ததை உரக்குழியில் கொட்டி, மேலே காய்ந்த சருகு போட்டு மூடுகிறேன். முழுத் தானியம் இருந்தால் குழியின் அடியில் புதைக்கிறேன், இல்லாவிட்டால் முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஃபீடரைப் பிரித்து வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வாசம் போகும்வரை கழுவி வெயிலில் உலர்த்துகிறேன். இரண்டு ஃபீடர் இருப்பதால் ஒன்று காயும்போது இன்னொன்று தொங்குகிறது. நன்றாக உலர்வது முக்கியம். அந்தத் தொண்டை ஒட்டுண்ணிக்கு ஈரம் இல்லாமல் உயிர் இல்லை. சமையலறைப் பாத்திரத் தொட்டியில் இதைக் கழுவக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கொட்டி, தேங்காய் நாரால் உள்விளிம்பைத் தேய்க்க வேண்டும். வெறுமனே தண்ணீரை மாற்றினால் போதாது. டெங்கு பரப்பும் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும்.

சாதம், மிக்சர், உப்புப் போட்ட பொரி, மீந்த இட்லி எதுவும் வைப்பதில்லை. வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தானியமே வைப்பதில்லை. ஊருக்குப் போனால் ஃபீடரை நிரப்பிவிட்டுப் போவதும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன். மயில் வரத்து நின்றுவிட்டது. கிளியும் குறைந்துவிட்டது, சூரியகாந்தி விதை இல்லாததால். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கிளிக்காகவும் சின்னானுக்காகவும் வேலியோரம் ஒரு சிங்கப்பூர் செர்ரி நட்டிருக்கிறேன். அது பழம் உதிர்த்தால் அதையும் நான்தான் பெருக்குவேன்.

இத்தனைக்கும் நாளில் இருபது நிமிடம் ஆகிறது. முழங்கால் வலிக்கிற நாளில் தீனி வைப்பதில்லை.

குடியிருப்புச் சங்கங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. முற்றாகத் தடை போட்டால் ஒளிந்து போடுவார்கள். கண்டும் காணாமல் விட்டால் கீழ்வீட்டுக்காரர் தவிப்பார். தரைத்தளத்தில் கல்லோ சிமெண்டோ பாவிய ஓர் இடத்தை ஒதுக்குங்கள். வைக்க விரும்புகிறவர்கள் முறை போட்டுக்கொண்டு வைக்கட்டும், அவர்களே முறை போட்டுப் பெருக்கட்டும். பால்கனியிலிருந்தும் மொட்டைமாடியிலிருந்தும் வீசுவது கூடாது. துப்புரவுப் பணியாளரின் வேலைப் பட்டியலில் இதைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தனிக் கூலியும் முகக்கவசமும் கையுறையும் கொடுத்தாக வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஃபீடரும் மண்சட்டியும் இலவசமாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன், நானும் அந்தப் படங்களில் நிற்கிறேன். அடுத்த முறை கொடுக்கிற ஆசிரியர்கள் ஃபீடரோடு ஒரு சின்னத் துடைப்பத்தையும் சட்டி தேய்க்கும் நாரையும் சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பதைப் பிள்ளை செய்து காட்டிய பிறகு கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, ஃபீடருக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள்.

வீட்டில் தீனி வைக்கிறவர்கள் இன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஃபீடருக்குக் கீழே அடித்துப் பாருங்கள். தானியம் கிடந்தால் நாளை பாதியாகக் குறையுங்கள். வளை தெரிந்தால் ஃபீடரை அப்போதே கழற்றிவிட்டு, காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நீங்களாகவே சொல்லுங்கள். அவர் அட்டையோடு உங்கள் கேட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.